கடல் புளிக்கிறதா?

போன இதழின் கடைசிப் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி எழுதியிருந்தேன், மொத்தமே ஆறு வரி. கடலடி மணலில் வாழும் ஃபொராமினிஃபெரா என்ற ஒரு செல் உயிரிகள் சுண்ணாம்பால் ஓடு கட்டிக்கொள்கின்றன, கடல்நீரில் கரியமில வாயு கூடிக் கடல் அமிலமாகிறது, அதனால் அந்தக் கட்டுமான வேலை அவற்றுக்குக் கஷ்டமாகிக்கொண்டிருக்கிறது என்பதுதான் விஷயம். ஆறு வரிக்கு இவ்வளவு கடிதம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. சரி, இந்த முறை வழக்கமான ஜாதகம், மைலேஜ், முடி உதிர்தல் கேள்விகள் எல்லாம் காத்திருக்கட்டும். பக்கம் முழுக்க இதுதான்.

பேரே வாயில் நுழையவில்லை. அது புழுவா, சிப்பியா, நத்தையா?
– கே.எஸ்., கும்பகோணம்

மூன்றும் இல்லை. அதற்கு உடம்பென்று இருப்பதே ஒரே ஒரு செல்தான். வாய் கிடையாது, கண் கிடையாது, மூளைக்கு வழியே இல்லை. ஆனால் வீடு கட்டும், அதுவும் அறை அறையாகக் கட்டும். முதலில் கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி அறை, உடம்பு பெருக்கப் பெருக்க அதை ஒட்டி இன்னொன்று, அதைவிடக் கொஞ்சம் பெரிசாக, அப்புறம் இன்னொன்று. பழைய அறையை இடிப்பதில்லை. அறைக்கும் அறைக்கும் நடுவே துளை இருக்கும், உடம்பு எல்லா அறைகளிலும் பரவியிருக்கும். அந்தத் துளையை வைத்துத்தான் பேரே வந்தது. லத்தீனில் 'துளை தாங்கி' என்று அர்த்தம்.

1826-ல் பேர் வைத்த பிரெஞ்சுக்காரர் அல்சீத் தோர்பின்யி, சுருண்ட ஓட்டைப் பார்த்துவிட்டு இது கணவாய் மீனுக்குச் சொந்தக்கார உயிரி என்று நம்பிவிட்டார். 1835-ல் ஃபெலிக்ஸ் துஜார்தன், உயிருள்ளவற்றைக் கவனித்துப் பார்த்துவிட்டு, ஓட்டிலிருந்து நூல் நூலாக நீண்டு வலை மாதிரி விரிவது வெறும் செல்லின் சதைதான், உள்ளே கணவாயும் இல்லை கிணவாயும் இல்லை என்று காட்டினார். அந்த வலையால்தான் அது நகரும், பாசியையும் பாக்டீரியாவையும் பிடித்துத் தின்னும். பெரும்பாலானவை அரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். துறைக்காரர்கள் 'ஃபோராம்' என்று சுருக்கிச் சொல்வார்கள், நானும் இனி அப்படியே எழுதுகிறேன், நாக்குக்கு நல்லது.

கடல் அமிலமாகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் முழுக்குப் போட்டால் தோல் எரியுமா?
– பெயர் வேண்டாம், மதுரை

எரியாது, தாராளமாகப் போடுங்கள்.

'அமிலமாகிறது' என்ற வார்த்தைதான் இங்கே குழப்புகிறது, தலைப்பு எழுதுபவர்களுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, எனக்கும் அன்று கை அதைத்தான் எழுதியது. கடல்நீர் காரத்தன்மை உள்ளது. பிஎச் அளவில் 7-க்குக் கீழே போனால்தான் அமிலம். தொழிற்புரட்சிக்கு முன்னால் கடலின் மேல்மட்டம் 8.2-ஐ ஒட்டி இருந்தது, இப்போது 8.1-க்கு வந்திருக்கிறது. இது ஒரு பெரிய விஷயமா என்று தோன்றும். பிஎச் கணக்கு மடக்கைக் கணக்கு, பூகம்பத்துக்குச் சொல்வார்களே அந்த மாதிரி. 0.1 இறங்கினாலே ஹைட்ரஜன் அயனி கால் பங்குக்கு மேல் கூடிவிட்டது என்று அர்த்தம். நாம் எரித்து வெளியே விடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கைக் கடல் உறிஞ்சிக்கொள்கிறது, அதன் கூலிதான் இது.

ஒன்று கவனித்தீர்களா, நம் மொழியில் அந்த வாயுவின் பேரிலேயே விஷயம் இருக்கிறது. கரி, அமிலம், வாயு. யாரோ ஒரு பழைய மொழிபெயர்ப்பாளர் சரியாகத்தான் பேர் வைத்திருக்கிறார், நாம்தான் உடைத்துப் பார்க்காமலே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் செய்து காட்ட ஒரு சோதனை சொல்லுங்கள். முட்டை ஓட்டை வினிகரில் போட்டுக் காட்டலாமா?
– ஓர் அறிவியல் ஆசிரியை, விருத்தாசலம்

வினிகர் வேண்டாம் டீச்சர். நுரைத்துக்கொண்டு பிரமாதமாகத்தான் இருக்கும், ஆனால் கடல் எந்தக் காலத்திலும் வினிகர் ஆகப்போவதில்லை. பிள்ளைகள் கடலில் சிப்பியெல்லாம் புஸ்ஸென்று கரைகிறது என்ற படத்தை மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அதைவிடச் சரியான ஒன்று இருக்கிறது, வெற்றிலைக் கடையும் சோடாக் கடையும் இருந்தால் போதும்.

வெற்றிலைச் சுண்ணாம்பு ஒரு சுண்டைக்காய் அளவு எடுத்து ஒரு பாட்டில் தண்ணீரில் கலக்கி ராத்திரி அப்படியே வைத்துவிடுங்கள். காலையில் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரை, அடி கலங்காமல், கண்ணாடி டம்ளரில் கால் டம்ளர் வடித்துக்கொள்ளுங்கள் (கண்ணில் பட்டால் எரியும், பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள்). இப்போது வெறும் சோடா, எலுமிச்சை பன்னீர் எதுவும் இல்லாத கோலி சோடா, குளிர்ச்சியாக, திறந்த உடனே ஒரு ஸ்பூன் விடுங்கள். தண்ணீர் பால் மாதிரி வெளுக்கும். சோடாவில் இருக்கும் கரியமில வாயு, சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாக, அதாவது சிப்பி ஓட்டின் பொருளாக, பொடிப்பொடியாகப் பிரிகிறது. பாடப்புத்தகத்தில் சுண்ணாம்பு நீர் பால் போல மாறும் என்று படிப்போமே, அது இதுதான். வழக்கமாக இதோடு கைதட்டி முடித்துவிடுகிறோம்.

முடிக்காதீர்கள். இன்னும் ஊற்றுங்கள். ஸ்பூனை விட்டுவிட்டு பாட்டிலையே சாய்த்து ஊற்றுங்கள். கொஞ்ச நேரத்தில் வெண்மை மங்கும், ஓரிரு நிமிஷம் கலக்கிக்கொண்டே இருந்தால் தண்ணீர் மறுபடி தெளிந்துவிடும். என் வீட்டுச் சமையல் மேடையில் இதைச் செய்தபோது பக்கத்தில் நின்ற பையன், சுண்ணாம்பு எங்கே போச்சு என்று டம்ளரின் அடியைத் தூக்கிப் பார்த்தான். அந்தக் கேள்விதான் பாடம். எந்த வாயு அந்த வெள்ளைப் பொடியை உண்டாக்கியதோ அதே வாயு அளவுக்கு மேல் போனதும் அதைக் கரைத்துவிட்டது. வாயு தண்ணீரில் கரைந்து கார்பானிக் அமிலமாகிறது, அமிலம் ஹைட்ரஜன் அயனியை உதிர்க்கிறது, அந்த அயனி கார்பனேட்டைப் பிடித்துக்கொண்டு பைகார்பனேட் ஆக்கிவிடுகிறது. ஆப்ப சோடாவில் இருக்கிற அதே பைகார்பனேட்தான், தண்ணீரில் கரைந்தபடியே நிற்கும், ஓடாக உட்காராது. கடலில் நடப்பதும் இதே வேதியியல், டம்ளரில் இரண்டு நிமிஷத்தில் நடப்பது அங்கே இருநூறு வருஷமாக மெல்ல நடக்கிறது. கடல் டம்ளர் அளவுக்குத் தெளிந்துவிடாது, கார்பனேட் குறைகிறது, அவ்வளவுதான். ஆனால் ஓடு கட்டுபவனுக்கு அந்தக் 'குறைகிறது' போதும்.

ஓடு கட்ட அந்த உயிரிகள் கரியமில வாயுவைத்தானே பயன்படுத்துகின்றன? அப்படியானால் அவை பெருகினால் வாயு குறையும், நல்லதுதானே?
– ஜெ.பி., கோயம்புத்தூர்

எல்லோரும் விழும் குழி இது, நானும் விழுந்திருக்கிறேன். ஓடு கட்டும்போது இரண்டு பைகார்பனேட் செலவாகிறது, அதில் ஒரு கார்பன் ஓட்டுக்குள் போகிறது, இன்னொன்று கரியமில வாயுவாகவே வெளியே வருகிறது. ஆக, கட்டுகிற அந்த நேரத்தில் தண்ணீரில் வாயு கூடத்தான் செய்யும். ஓடு கடலடியில் புதைந்து பாறையாவதெல்லாம் லட்சக்கணக்கான வருஷக் கணக்கு, அதை நம் வண்டிப் புகைக்கு ஈடு வைக்க முடியாது.

ஓடு நிஜமாகவே கரைகிறதா, இல்லை சும்மா பயமுறுத்தலா? நேராகச் சொல்லவும்.
– ஒரு ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், ஈரோடு

நேராகவே சொல்கிறேன். செத்த ஓடு கரையலாம். உயிரோடு இருப்பது சும்மா கிடந்து கரையாது, அது போராடும். அந்தப் போராட்டச் செலவில்தான் விஷயமே இருக்கிறது.

அம்மோனியா என்று ஒரு ஃபோராம் வகை உண்டு, உரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உலகம் முழுக்க முகத்துவாரச் சேற்றில் இருக்கும், நம் கரையோரக் கழிமுகங்களிலும் சாதாரணமாகக் கிடைக்கும். ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை வைத்து 2017-ல் ஒரு வேலை செய்தார்கள். பிஎச்சுக்கு ஏற்ப நிறம் மாற்றி ஒளிரும் சாயத்தைத் தண்ணீரில் விட்டு, அது புது அறை கட்டும்போது நுண்ணோக்கியில் பார்த்தார்கள். அறை கட்டும் இடத்திலிருந்து ஹைட்ரஜன் அயனிகளை அது வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது, கிணற்றில் ஊறும் தண்ணீரை மோட்டார் வைத்து இறைப்போமே அந்த மாதிரி. அதனால் உள்ளே பிஎச் ஏறுகிறது, சுண்ணாம்பு படிகிறது. வெளியே அதைச் சுற்றி ஒரு வளையமாக பிஎச் இறங்கிவிடுகிறது. மின்வாரியத்தில் இருந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, மோட்டார் ஓட கரண்ட் வேண்டும். வெளித் தண்ணீரிலேயே ஹைட்ரஜன் அயனி கூடிக்கிடந்தால் அதே மோட்டார் கூடுதலாக இழுக்கும். அந்தச் சக்தி சாப்பாட்டிலிருந்து வர வேண்டும், வளர்ச்சியிலிருந்தும் இனப்பெருக்கத்திலிருந்தும் பிடித்தம் ஆகும்.

எல்லா இனத்துக்கும் ஒரே மாதிரி பில் வருவதில்லை. சுண்ணாம்பிலேயே ரகம் இருக்கிறது. பீங்கான் மாதிரி வழவழவென்று வெள்ளையாக ஓடு கட்டும் ஒரு கூட்டம் உண்டு, அந்தச் சுண்ணாம்பில் மக்னீசியம் நிறையக் கலந்திருக்கும், அது சீக்கிரம் கரையும். கண்ணாடி மாதிரி ஓடு கட்டும் பல இனங்களின் சுண்ணாம்பில் மக்னீசியம் குறைவு, கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஓக்கினாவா பக்கத்துப் பவழத்திட்டு ஃபோராம்களை வைத்து 2011-ல் வந்த ஆய்வில் ஆம்ஃபிசோரஸ் என்ற பீங்கான் ரகம் கரியமில வாயு கூடியதும் ஓடு கட்டுவதைக் குறைத்தது, கால்கரினா என்ற இன்னொன்று கூட்டியது. ஆமாம், கூட்டியது. அதன் உடம்புக்குள் குடியிருக்கும் பாசிக்குக் கூடுதல் வாயு தீனியாகியிருக்கலாம். அதனால் 'எல்லாம் அழிந்துவிடும்' என்று யாராவது ஒரே வரியில் சொன்னால் நம்பாதீர்கள், 'ஒன்றும் ஆகாது' என்பவரையும்தான்.

சரி, தொட்டியில் அல்லாமல் நிஜக் கடலில் என்ன ஆகும்? அதைப் பார்க்க இத்தாலியில் இஸ்கியா தீவுக்குப் போவார்கள். அங்கே எரிமலை வாயு, சூடில்லாமல், வெறும் கரியமில வாயுவாகக் கடலடியிலிருந்து குமிழியிட்டு வருகிறது, சோடா பாட்டிலுக்குள் நீந்துகிற மாதிரி. குமிழிக்குப் பக்கத்தில் பிஎச் குறைவு, தள்ளிப்போகப்போக சாதாரணக் கடல். சாதாரணத் தண்ணீரில் 24 ஃபோராம் இனம் எண்ணிய இடத்தில், பிஎச் 7.6 அளவுக்கு இறங்கிய இடத்தில் மிஞ்சியது 4. சுண்ணாம்பு ஓட்டுக்காரர்கள் காலி செய்துவிட்டார்கள், மிஞ்சியவை மணல்துகளைப் பொறுக்கி ஒட்டி வீடு கட்டும் இனங்கள். ஃபோராம்களில் அப்படி ஒரு சாதி உண்டு, சுண்ணாம்பைச் சுரந்து ஓடு செய்யாது, கிடைக்கிற மணிகளைத் தானே சுரக்கும் பசையால் ஒட்டிக்கொள்ளும், சில இனங்கள் அளவு பார்த்து ஒரே மாதிரி மணிகளாகப் பொறுக்கி அடுக்கும். பாப்புவா நியூ கினியில் மில்ன் விரிகுடா பக்கமும் இதே மாதிரி குமிழி ஊற்றுகள் இருக்கின்றன. 2013-ல் வந்த ஆய்வில் அங்கே பிஎச் 7.9-க்குக் கீழே போன இடங்களில் ஃபோராம்களே ஏறக்குறைய இல்லை. நாம் புகையைக் குறைக்காமல் இப்படியே போனால் இந்த நூற்றாண்டு முடிவில் கடலின் மேல்மட்டச் சராசரியே 7.8 பக்கம் வந்துவிடும் என்று கணக்கு. பயமுறுத்தலா என்று கேட்டீர்கள், எண்களைச் சொல்லிவிட்டேன்.

இதெல்லாம் 2100 கதை. இப்போது ஏதாவது நடந்திருக்கிறதா?
– ஆர்.வி., சென்னை-33

கடலடியில் வாழ்பவற்றின் மாமன் மச்சான்கள், மேலே மிதக்கும் ஃபோராம்களிடம் சாட்சி இருக்கிறது. 1872 முதல் 1876 வரை உலகம் சுற்றிய சேலஞ்சர் என்ற பிரிட்டிஷ் கப்பல் சேர்த்துவந்த ஓடுகள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றையும், டாரா என்ற ஆய்வுக் கப்பல் 2009-க்குப் பிறகு பசிபிக்கில் எடுத்தவற்றையும் எக்ஸ்ரே ஸ்கேனில் வைத்து ஓட்டின் கனத்தை அளந்தார்கள், 2020-ல் முடிவு வந்தது. இப்போதையவை மெல்லிசு, ஓர் இனத்தில் 76 சதவீதம் வரை மெல்லிசு. கடல் சூடானதும் சேர்ந்துதான் இதைச் செய்திருக்கும், பழியை ஒருவர் தலையில் மட்டும் போட முடியாது. அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள தென்கடலில் குளோபிஜெரினா புல்லாய்டஸ் என்ற இனத்தின் இன்றைய ஓடு, அதே இடத்தின் அடிமண்ணில் கிடக்கும் பழைய ஓட்டைவிட 30 முதல் 35 சதவீதம் எடை குறைவு என்று 2009-லேயே ஓர் ஆய்வு வந்தது.

கோடிக்கணக்கான வருஷமாக இருக்கும் உயிரினம் என்கிறார்களே. எத்தனையோ பார்த்திருக்கும், இதையும் பார்த்துக்கொள்ளும். நமக்கு ஏன் பதற்றம்?
– எம்.ஏ., நாகர்கோவில்

பார்த்திருக்கிறது, உண்மைதான். என்ன பார்த்தது என்று கேளுங்கள்.

2003-ல் தென் அட்லாண்டிக்கில், நமீபியாவுக்கு மேற்கே வால்விஸ் மேடு என்ற கடலடி மலைத்தொடரில் துளை போட்டு மண் குழாய்களை மேலே எடுத்தார்கள். கடலடி மண் அங்கே கிட்டத்தட்ட முழுக்க சுண்ணாம்பு ஓட்டுத் தூள், வெளிர் நிறம், கோலப்பொடி மாதிரி. 5 கோடியே 60 லட்சம் வருஷத்துக்கு முந்தைய மட்டத்துக்கு வந்ததும் அந்த வெளிர் நிறம் கத்தி வைத்து வெட்டிய மாதிரி நின்றுவிடுகிறது, மேலே செம்பழுப்புக் களிமண். சுண்ணாம்பே இல்லை. அதற்கும் மேலே போகப்போக மெதுவாக, ரொம்ப மெதுவாக, வெண்மை திரும்புகிறது, அதற்கு ஒரு லட்சம் வருஷத்துக்கு மேல் பிடித்திருக்கிறது. அந்தக் காலத்தில் ஏராளமான கார்பன் காற்றிலும் கடலிலும் கலந்து பூமி 5 டிகிரி போல சூடானது, ஆழ்கடலில் சுண்ணாம்பு கரையும் எல்லை, இருந்த இடத்திலிருந்து இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமாக மேலேறி வந்தது. ஆழ்கடல் தரையில் வாழ்ந்த ஃபோராம் இனங்களில் 30 முதல் 50 சதவீதம் அதோடு முடிந்துபோயின. சூடு, ஆக்சிஜன் குறைவு, கார்பனேட் குறைவு எல்லாம் சேர்ந்து அடித்த அடி.

அன்று அந்தக் கார்பன் வெளியேறப் பல ஆயிரம் வருஷம் ஆனது. வருஷக் கணக்கில் பார்த்தால் நாம் இப்போது விடுவது அதைப்போல சுமார் 10 மடங்கு வேகம். மெதுவாக வந்தால் கடலடிச் சுண்ணாம்பே கரைந்து கொடுத்து ஈடுகட்டும், நம் வயிற்றுக்கு ஜெலுசில் மாதிரி. வேகமாக வந்தால் மேல்மட்டம்தான் முதலில் வாங்கிக்கட்டிக்கொள்ளும். ஃபோராம் என்ற குலம் பிழைத்துக்கொள்ளும், அதில் உங்களோடு எனக்குச் சண்டையில்லை.

பிரமிடில் ஃபோராம் இருக்கிறதாமே?
– ஒன்பதாம் வகுப்பு மாணவி, காரைக்குடி

இருக்கிறது. கீசா பிரமிடுகளின் சுண்ணாம்புக் கல்லில் நம்யுலைட் என்ற பெரிய வகை ஃபோராம்கள் காசு காசாகப் பதிந்திருக்கும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் அங்கே போன கிரேக்க அறிஞர் ஸ்டிராபோ, பருப்பு மாதிரி கல் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு, வேலைக்காரர்கள் சாப்பிட்டு மிஞ்சிய பருப்புதான் கல்லாகிவிட்டது என்று ஊரார் சொன்னதை எழுதிவைத்திருக்கிறார்.

எனக்கு இதனால் என்ன? மீன் விலை ஏறுமா?
– டி.கே., திண்டுக்கல்

உங்கள் வஞ்சிரத்தின் விலையை இதோடு முடிச்சுப்போட என்னிடம் கணக்கு இல்லை, டீசல் விலையைக் கேளுங்கள். கடலடியில் புழு, நத்தை, குட்டி இறால் வகையறாக்கள் ஃபோராமைத் தின்னும், அவற்றை மீன் தின்னும், அந்தச் சங்கிலி இருக்கிறது.

எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது துவாலுவும் மார்ஷல் தீவுகளும். பசிபிக்கில் கடல் மட்டத்துக்கு மேல் இரண்டு மூன்று மீட்டர்தான் நிற்கும் பவழத் தீவுகள், மனிதர்கள் குடியிருக்கிறார்கள். அந்தக் கரைகளின் மணலை அள்ளிப் பார்த்தால் அதில் பெரும்பங்கு மலையிலிருந்து ஆறு கொண்டுவந்த மணல் இல்லை, அங்கே மலையும் இல்லை ஆறும் இல்லை, ஃபோராம் ஓடுதான். பக்கத்துத் திட்டில் அவை பிறந்து செத்துக்கொண்டே இருப்பதால்தான் அலை அரிக்க அரிக்கக் கரைக்குப் புது மணல் வந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டம் உயர்கிற அதே காலத்தில் மணல் தயாரிப்பவர்களும் சுணங்கினால் என்ன ஆகும் என்பது அங்கே இருப்பவர்களுக்கு வீட்டு விஷயம்.

இன்னொன்று, பழைய காலத்துக் கடல் எவ்வளவு சூடாக இருந்தது என்று நமக்குத் தெரிவதே பெரும்பாலும் இந்த ஓடுகளால்தான். 1955-ல் செசாரே எமிலியானி என்ற விஞ்ஞானி, ஓட்டில் இருக்கும் ஆக்சிஜனின் ஐசோடோப்புகளை, அதாவது எடையில் மட்டும் வேறுபடும் ஆக்சிஜன் அணு ரகங்களை, அளந்து பனியுகங்களின் வெப்பநிலைக் கோட்டை வரைந்தார். எண்ணெய்க் கிணறு தோண்டுபவர்களும் துளையிலிருந்து வரும் பாறைத்தூளில் எந்த ஃபோராம் இருக்கிறது என்று பார்த்துத்தான் பாறையின் வயதைச் சொல்வார்கள். அந்த எண்ணெயை எடுத்து எரித்துத்தான் இப்போது... சரி விடுங்கள்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் பார்க்கலாமா? நுண்ணோக்கி இல்லை.
– ஏ.ஜே., தூத்துக்குடி

பார்க்கலாம், உங்கள் ஊரில் ரொம்ப நன்றாகவே பார்க்கலாம், மன்னார் வளைகுடா வாசலில் உட்கார்ந்துகொண்டு கேட்கிறீர்கள்!

அலை கடைசியாக வந்து திரும்பும் கோட்டில், பொடிச் சிப்பித் தூள் மெல்லிய பட்டையாக ஒதுங்கியிருக்கும். ஓட்டுக்குள் அறைகள் காலியாக இருப்பதால் ஃபோராம் கனமில்லாதது, அந்த மாதிரி இடத்தில்தான் சேரும். கனமான கறுப்பு மணல் பட்டையில் தேடாதீர்கள். ஒரு கைப்பிடி அள்ளி, வீட்டில் நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்துப் பெரிய துண்டுகளைத் தள்ளிவிடுங்கள். மிச்சத்தை ஒரு சிட்டிகை, ஒரு சிட்டிகைக்கு மேல் வேண்டாம், கறுப்புக் காகிதத்தில் ஒரு மணி மேல் இன்னொரு மணி ஏறாமல் பரப்புங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், நகைக்கடையில் வைத்திருப்பார்களே அது, இல்லாவிட்டால் செல்போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் போதும். மணல்மணி கண்ணாடிச் சில்லு மாதிரி கோணல்மாணலாக இருக்கும். நடுவே ஒன்று மட்டும் ஒழுங்காக, சுருளாக, ஜிலேபியைக் குட்டியாக்கிய மாதிரி, அறைக்கு அறை கோடு போட்டுத் தெரிந்தால் அதுதான். மிக மெல்லிய பெயின்ட் பிரஷ் நுனியை எச்சிலில் தொட்டு ஒற்றி எடுங்கள், ஒட்டிக்கொண்டு வரும். விரலால் எடுக்க முயலாதீர்கள், நான் முதலில் கண்டுபிடித்ததை அப்படித்தான் பொடியாக்கினேன்.

முதல் ஒன்று கிடைக்க அரை மணி நேரம் ஆகலாம். கிடைத்துவிட்டால் அப்புறம் கண் பழகிவிடும், அதே சிட்டிகையில் ஆறேழு இருப்பது தெரியும். படம் எடுத்தால் அனுப்புங்கள், அளவு தெரிய ஒரு கடுகையும் பக்கத்தில் வைத்து எடுங்கள்.